நடுமலையில் இல்லாத வண்டு

என் கணவருக்கு வண்டு என்றால் உயிர். இதைப் பெருமையாகவும் சொல்லலாம், புகாராகவும் சொல்லலாம். கேட்கிற ஆளைப் பொறுத்து நான் சொல்வேன். அருங்காட்சியகத்தில் பூச்சிப் பிரிவு அவர் பொறுப்பு. எங்கள் தெருப் பிள்ளைகள் அவரை வண்டு மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் பல் டாக்டர். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேச முடியாமல் கிடப்பவர்களோடு பகல் முழுக்க இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், வாயை மூடத் தெரியாத ஒருவர் எனக்காகக் காத்திருப்பார்.

எங்கள் மகன் ஒரு பெண்ணை விரும்பினான். கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவள். நிதானமான பெண், சிரிக்கத் தெரிந்தவள். எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அப்பா இல்லாத அவளைத் தனியாளாக வளர்த்தவர் அவள் அம்மா. அவர் பல்கலைக்கழகத்தில் பாறைகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர் என்று மகன் சொன்னபோது, "நல்லதாப் போச்சு, அப்பாவுக்குப் பேச்சுத் துணை ஆச்சு" என்று சொன்னவள் நான்தான். அந்த வாக்கு பலித்த விதம் இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வந்தேன்.

கல்யாணத் தேதி பேசுவதற்காக அந்த அம்மாவையும் பெண்ணையும் வீட்டுக்கு அழைத்தோம். முதல் நாளே கணவரிடம் கறாராகச் சொல்லிவிட்டேன்: வந்தவர்கள் கிளம்புகிறவரை வண்டுப் பேச்சு கூடாது. சரி என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பி நான் பல தடவை ஏமாந்திருக்கிறேன்.

சம்பந்தியம்மா உயரமான பெண்மணி. முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். காலில் தடித்த அடியுள்ள பூட்ஸ். வாசலில் நின்று வாங்க, வாங்க என்று நான் சொல்லிக்கொண்டிருக்க, அவர் குனிந்து எங்கள் வாசற்படிக் கல்லை நகத்தால் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல கல்லு" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தார். மகன் அவருக்குப் பாறையம்மா என்று ரகசியமாகப் பெயர் வைத்திருந்தது பொருத்தம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

தேநீர் வரைக்கும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. சம்பந்தி என்று என் கணவர் கூப்பிட, சம்பந்தி என்று அவரும் கூப்பிட, என் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அப்போது அவர் பார்வை சுவரில் தொங்கிய கண்ணாடிப் பெட்டிமேல் போயிற்று. அது என்ன வண்டு என்று கேட்டுவிட்டார். என் கணவர் என்னைப் பார்த்தார். கேட்டது அவங்கதான், நான் இல்லை என்று அந்தப் பார்வை சொன்னது.

அது நடைவண்டு. அந்தப் பெயர் என் கணவர் வைத்தது. கறுப்பாக, வெளிச்சத்தில் சாய்த்தால் நீலமாக மின்னும். முதுகு ஓடு ஒட்டிக்கொண்டிருப்பதால் அதற்குப் பறக்க வராது, நடக்கத்தான் தெரியும். வெயில் ஆகாது, ஈரமும் குளிருமாக இருக்கிற மலைக்காட்டில், ஆழமான இலைமக்குக்குள்தான் வாழும். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மூன்று மலைகள் வரிசையாக நிற்கின்றன. வடமலை, நடுமலை, தென்மலை. வண்டு வடமலையிலும் இருக்கிறது, தென்மலையிலும் இருக்கிறது. இடையில் சுட்டெரிக்கிற சமவெளி. பறக்கத் தெரியாத வண்டு எப்படி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போனது?

இதற்கு என் கணவர் சொல்கிற பதில் எனக்கு மனப்பாடம். ஒரு காலத்தில் உலகமே குளிர்ந்து கிடந்தது. குளிர்க்காடு மலையிலிருந்து இறங்கிச் சமவெளியெல்லாம் பரவியிருந்தது. வண்டு தலைமுறை தலைமுறையாக நடந்து மலைக்கு மலை போய்ச் சேர்ந்தது. பிறகு பூமி சூடாக ஆக, காடு மேலே ஏறிற்று. வண்டும் கூடவே ஏறி உச்சியில் மாட்டிக்கொண்டது.

"அப்படின்னா நடுமலையிலயும் இருந்தாகணும்" என்று முடித்தார். "இன்னும் கண்ணுல படல, அவ்வளவுதான். நான் கல்யாணம் ஆன வருஷத்துலேருந்து தேடிட்டு இருக்கேன்."

அது உண்மை. எங்கள் கல்யாண நாளை நாங்கள் பெரும்பாலும் நடுமலையில் மக்கிய மரத்தைப் புரட்டித்தான் கொண்டாடியிருக்கிறோம்.

சம்பந்தியம்மா கோப்பையைக் கீழே வைத்தார். "கண்ணுல படாது சார்" என்றார். சம்பந்தி சாராக மாறியதை நான் கவனித்தேன்.

"ஏன் படாது?"

"உங்க வண்டு நடந்து போனப்போ அந்த மலையே கிடையாது."

வடமலையும் தென்மலையும் பழுத்த கிழங்கள், நடுமலை நேற்றுப் பிறந்த பிள்ளை என்று விளக்கினார். பூமிக்குள்ளிருந்து நெருப்புக் குழம்பு பொங்கி வழிந்து, ஆறி, மறுபடி வழிந்து குவிந்த மலை அது. வண்டுகள் கடந்து போய், பூமி சூடாகி, அவை இரண்டு பக்கமும் உச்சியில் குடியேறிய பிறகுதான் நடுமலை எழுந்தது. அதற்கப்புறம் அங்கே போக வழியில்லை.

என் கணவர் தன் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு மெல்லிய குரலில் பேசினார். அவர் கத்தினால் பயமில்லை, மெதுவாகப் பேசினால்தான் வம்பு. "கல்லையே பாத்துட்டு இருக்குறவங்களுக்கு உயிருள்ளது கண்ணுக்குத் தெரியாதும்மா."

"உயிருள்ளதையே பாத்துட்டு இருக்குறவங்களுக்குக் காலுக்குக் கீழ என்ன இருக்குன்னு தெரியாது சார்."

மகன் இருமினான். பெண் தரையைப் பார்த்தாள். நான் பிஸ்கட் தட்டை நீட்டினேன், யாரும் எடுக்கவில்லை. தேதி பேசாமலே கூட்டம் கலைந்தது.

அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் பிடிவாதம். அந்த அம்மாவோடு ஒரே மேஜையில் உட்கார மாட்டேன் என்று இவர் ஒற்றைக் காலில் நின்றார். கல்யாணத்துக்கு வருவேன், ஆனால் அந்த மனிதர் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று அவர் மகளிடம் சொல்லிவிட்டாராம். பிள்ளைகள் இரண்டு பேரும் தபால்காரர்கள் மாதிரி பாறைச் செய்தியை இங்கும் வண்டுச் செய்தியை அங்கும் சுமந்து அலுத்துப்போனார்கள். ஒரு நாள் அந்தப் பெண் என் மருத்துவமனைக்கே வந்து, பல் வலி என்று நாற்காலியில் சாய்ந்தாள். பல்லில் ஒரு குறையும் இல்லை. "அத்தை, நாங்க என்ன பண்றது?" என்று கேட்டுவிட்டு அழுதாள்.

சொத்தைப் பல்லோடு நாளைக் கடத்துகிற நோயாளிகளை நான் திட்டுவேன். என்னையே திட்டிக்கொண்டு அன்று மாலை சம்பந்தியம்மாவுக்குப் போன் செய்தேன். எல்லோருமாக நடுமலைக்குப் போவோம், நேரிலேயே பார்த்துவிடலாம் என்றேன். வண்டு கிடைக்காவிட்டால் உங்கள் வீட்டுக்காரர் தோல்வியை ஒத்துக்கொள்ள வேண்டும் என்றார். கணவரிடம் சொன்னேன், கிடைத்தால் அந்த அம்மா ஒத்துக்கொள்ள வேண்டும் என்றார். இவ்வளவு பொருத்தமுள்ள இருவரை நான் பார்த்ததில்லை.

மகன் காரை ஓட்டினான். இவர் முன்னால். பின்னால் சம்பந்தியம்மாவுக்கும் அவர் மகளுக்கும் நடுவே நான், முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் வேலி மாதிரி. வளைவுக்கு வளைவு வண்டி நின்றது. சாலையோரம் வெட்டிய பாறையைப் பார்க்க அவர் நிறுத்தச் சொல்வார்; விழுந்து கிடக்கும் மரத்தைப் பார்க்க இவர் நிறுத்தச் சொல்வார். அவர் நிறுத்தியபோது இவர் ஹாரனை அழுத்தினார். இவர் நிறுத்தியபோது அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

மேலே காடு அழகாகத்தான் இருந்தது. உயர்ந்த மரங்கள், பாசி, மூடுபனி. என் கணவர் வெள்ளைத் துணியை விரித்து, இலைமக்கை அள்ளிச் சல்லடையில் போட்டு உலுக்க ஆரம்பித்தார். எறும்பு வந்தது, மரவட்டை வந்தது, சிலந்தி வந்தது. இடம் மாற்றினார். திரும்பவும் எறும்பு. சம்பந்தியம்மா பூட்ஸ் குதிகாலால் தரையைக் கீறினார். மண் ஒரு சாண் ஆழம்கூட இல்லை. அதற்குக் கீழே கறுப்பாக, தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக எரிமலைக் கல். எங்கே கீறினாலும் அதே கல். மேலே பச்சைப் போர்வை, கீழே காய்ந்த எலும்பு.

என் கணவர் முழங்காலிட்டு அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தார். இத்தனை வருடம் இதன்மேல்தான் நடந்திருக்கிறார். தலைமுடியில் ஓர் இலை ஒட்டியிருந்தது. எடுத்துவிடலாமா என்று நினைத்து, எடுக்காமல் நின்றேன்.

"தண்ணி நிக்காது இதுல" என்றார். "இந்தத் தரையில அது ஒரு வாரம் தாங்காது. நீங்க சொன்னதுதாம்மா சரி."

ஜெயித்த அந்த அம்மாவைப் பார்த்தேன். சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. எதிராளி இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று எதிர்பார்க்கவில்லை போலும். பிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றி இவரிடம் நீட்டினார். தனக்கும் ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு, நிற்கப் பிடிக்காமல், ஓடை இறங்குகிற பள்ளத்துப் பக்கமாகப் போனார்.

கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து அவர் குரல் கேட்டது. "இங்க வாங்களேன்" என்றார். போய்ப் பார்த்தால், பள்ளத்தின் ஓரம் யானை முதுகு போல ஒரு மேடு. அதில் துருத்தி நின்ற ஒரு வெளிறிய பாறைமேல் உட்கார்ந்திருக்கிறார். முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"இது இந்த மலையோட கல்லே இல்ல" என்றார். "இது வடமலைக் கல். நடுமலை வர்றதுக்கு முன்னாடி இங்க உசரமா ஒரு பழைய குன்று இருந்திருக்கு, இது அதோட உச்சி. நெருப்புக் குழம்பு இதைச் சுத்திப் போயிருக்கு, இதை மூடல. நான் இந்த மலையை எத்தனையோ தடவை அளந்திருக்கேன். இந்தப் பள்ளத்துல இறங்கிப் பாக்கல."

அவர் சும்மா இருந்திருக்கலாம். அந்தக் கல் கண்ணில் படாதது போல மேலே ஏறி வந்திருக்கலாம். எங்களில் யாருக்கும் கல்லுக்குக் கல் வித்தியாசம் தெரியாது. அப்போது அந்த அம்மாமேல் எனக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

"அப்ப இந்த மண்ணு பழைய மண்ணு" என்றார் என் கணவர், மெதுவாக.

"பழைய மண்ணுதான். இங்க தேடுங்க."

என் கணவருக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேட்டில் கையை விட்டார், முழங்கைவரை இறங்கியது. கறுத்து, ஈரமாக, மணக்கிற மண். பாறைக்கு அடியில் ஓர் இடுக்கு இருப்பதைப் பார்த்துவிட்டார்.

"கொஞ்சம் எழுந்திருங்க."

"டீ குடிச்சிட்டு இருக்கேன்."

இவர் காத்திருக்கவில்லை. தரையில் குப்புறப் படுத்து, அந்த அம்மாவின் இரண்டு பூட்ஸுக்கும் நடுவே தோள்வரை கையை விட்டுத் துழாவினார். ஈரத் துணியால் தரை துடைக்கும்போது காலைத் தூக்கிக்கொள்வோமே, அந்த மாதிரி அவர் காலைத் தூக்கிக்கொண்டு தேநீரைக் குடித்தார். என் மகன் போட்டோ எடுக்கப் பார்த்தான், நான் முறைத்தேன்.

கை வெளியே வந்தது. மூடியிருந்தது. மெல்லத் திறந்தார். உள்ளே ஒரு வண்டு, நடந்துகொண்டிருந்தது.

என் கணவர் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்துப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"இது என் வண்டு இல்லம்மா. இது சின்னது. பச்சையா மின்னுது பாருங்க. சுத்தி நெருப்புச் சுவர் எழும்பி, வெளிய போக வழியில்லாம இங்கயே இருந்து இருந்து வேற வண்டா ஆயிடுச்சு." லென்ஸை அவரிடம் நீட்டினார். "நடுமலையில என் வண்டு இல்லைன்னு நீங்க சொன்னது இன்னும் சரிதான்."

"வண்டே இருக்காதுன்னும் சொன்னேனே" என்றார் அவர். "அது தப்பு." லென்ஸை வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "பாவம், இவ்வளவு நாளும் இந்தக் குட்டித் தீவுல."

அப்புறம் எங்கள் மூன்று பேரையும் அவர்கள் மறந்தே போனார்கள். வெளிறிய கல் எங்கே முடிகிறது என்று அவர் தவழ்ந்துகொண்டே தேட, வண்டு எங்கே முடிகிறது என்று இவரும் பின்னாலேயே தவழ்ந்தார். கறுப்புக் கல் ஆரம்பிக்கிற இடத்தில் வண்டும் நின்றுவிட்டது. ஒவ்வொரு தடவை அது சரியாக அமையும்போதும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாங்கள் மூவரும் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து ரொட்டியைத் தின்று தீர்த்தோம். அங்கேயே பிள்ளைகள் தேதி குறித்தார்கள். நான் சரி என்றேன். மகன் எழுந்து போய் அவர்களிடம் தேதியைச் சொன்னான். "ம்" என்றார் ஒருவர். "ம்" என்றார் மற்றவர். தலையை நிமிர்த்தவில்லை.

கல்யாணம் பதிவு அலுவலகத்தில், எளிமையாக நடந்தது. அன்று காலை சம்பந்திகள் இரண்டு பேரும் ஒரு மூலை பெஞ்சில் உட்கார்ந்து, புதிய வண்டைப் பற்றிய கட்டுரையில் யார் பெயர் முதலில் வர வேண்டும் என்று சண்டை போட்டார்கள். உங்கள் பெயர்தான் என்று இவர் சொல்ல, இல்லை, உங்களுடையதுதான் என்று அவர் சொல்ல, குரல் ஏறிக்கொண்டே போனது. பதிவாளர் கண்ணாடியை இறக்கிவிட்டு, கல்யாணம் இவர்களுக்கா என்று என்னிடம் கேட்டார். இல்லை, இந்தப் பிள்ளைகளுக்கு என்று சொல்லிவிட்டு, சாட்சிக் கையெழுத்துக்கு அவர்களை இழுத்து வர நான் எழுந்து போனேன்.