கஷ்டம் தெரிகிற மாதிரி ஒரு படம்

எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வேன் வேண்டும் என்று ஷர்லி மிஸ் வருடக்கணக்கில் ஊர் ஊராக மெயில் எழுதிக்கொண்டிருந்தார். சென்னைக்கு எழுதினார், பெங்களூருக்கு எழுதினார், வெளிநாட்டுக்கும் எழுதினார். பதில் வராத இடங்களைத் திட்டுவதற்கு அவருக்கு வாய் வராது. அந்த வேலையை நான் பார்த்துக்கொண்டேன்.

திருமயத்தில் கோட்டைக்குப் பின்பக்கத் தெருவில், ஒரு வாடகை வீட்டில் மிஸ் பயிற்சி மையம் நடத்துகிறார். நடக்க முடியாத, பேச முடியாத பிள்ளைகளுக்கான மையம். சுற்று வட்டாரத்திலிருந்து நாங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவோம். தூக்கிக்கொண்டு என்றால் நிஜமாகவே தூக்கிக்கொண்டுதான். என் மகன் வெற்றிசெல்வனுக்குப் பன்னிரண்டு வயது. மீசை அரும்பப் போகிற பயலை இடுப்பில் வைத்துக்கொண்டு டவுன் பஸ் படியில் ஏறுவேன். பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் ஐயோ பாவம் என்பார்கள். ஒருவரும் எழுந்து இடம் தரமாட்டார்கள்.

எங்கள் ஊரிலிருந்து என்னோடு வருகிறவள் பிரகதீஸ்வரி. ஈஸ்வரி என்று கூப்பிடுவோம். புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். மகள் தேவிப்ரியாவுக்கு ஒன்பது வயது. பிறக்கும்போதே மூச்சுத் திணறிப் போன பிள்ளை. கை கால் விறைத்துக்கொள்ளும், பேச்சு கிடையாது, வாயிலிருந்து எச்சில் ஓயாமல் வழியும்.

ஈஸ்வரி அந்தப் பிள்ளையை வைத்திருந்த விதத்தை நான் சொல்லியே ஆகவேண்டும். மையத்துக்கு வரும் பிள்ளைகளிலேயே சலவை மணக்கிற பிள்ளை தேவிப்ரியாதான். படிய வாரி இரட்டைச் சடை, ஒரு துண்டுப் பூ, கண்ணுக்கு மை. எச்சில் சட்டையில் படாமல் இருக்கத் தோளில் ஊக்கு குத்திய சின்னத் துண்டு. அந்தத் துண்டையும் நாளைக்கு நாலு தடவை மாற்றுவாள். இடது கன்னத்தில் திருஷ்டிக்கு மையால் ஒரு பொட்டு.

"இந்தப் புள்ளைக்கு யாரு கண்ணு வைக்கப் போறா?" என்று பஸ் ஸ்டாப்பில் ஒருத்தி சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டாள். சொந்தக்காரிதான். அன்றோடு ஈஸ்வரி அவளிடம் பேச்சை நிறுத்தினாள். அவள் வீட்டுக் காதுகுத்துக்கும் போகவில்லை. பிள்ளையைக் கவனிக்கவில்லை என்று ஒருவர் வாயிலிருந்து வந்துவிடக் கூடாது, அது ஒன்றுதான் அவளுக்கு.

மையத்தில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே தேவிப்ரியாவை நிறுத்தி மிஸ் பழக்கினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் நடுங்க, அவள் கொஞ்ச நேரம் நிற்க ஆரம்பித்திருந்தாள். அந்தச் சமயத்தில்தான் ஈஸ்வரிக்கு இடுப்பு போனது. பஸ்ஸிலிருந்து பிள்ளையோடு இறங்கும்போது பிடித்துக்கொண்டது, நிமிர முடியவில்லை. இனி கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தூக்காவிட்டால் பிள்ளை வீட்டோடு கிடக்கும். கிடந்தால் கால் பழையபடி மடங்கிவிடும், அப்புறம் நிமிராது என்று மிஸ் சொன்னார். ஆக, வேன் வந்தால் தேவிப்ரியா நிற்பாள், வராவிட்டால் நிற்கமாட்டாள். இவ்வளவுதான் கணக்கு.

மும்பையில் இருக்கும் ஒரு அறக்கட்டளை ஒருவழியாகப் பதில் போட்டது. விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது, வேனால் பயனடையப் போகும் ஒரு குழந்தையின் கதையும் படமும் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். மிஸ் தேவிப்ரியாவைச் சொன்னார். எங்களில் யாருக்கும் அதில் பொறாமை இல்லை. அந்தப் பிள்ளை சிரித்தால் கல்லும் திரும்பிப் பார்க்கும்.

ஃபோட்டோ என்று கேட்டதும் ஈஸ்வரி பீரோவைத் திறந்தாள். மாம்பழக் கலரில் பட்டுப் பாவாடை, நாத்தனாரிடம் இரவல் வாங்கிய நெக்லஸ், தலை நிறையக் கனகாம்பரம். நம் பக்கத்தில் ஃபோட்டோ எடுக்கிறார்கள் என்றால் வேறு எப்படிக் கொண்டு வந்து நிறுத்துவது? மும்பைக்காரர்கள் பார்க்கப் போகிற படமாயிற்றே என்று கன்னத்துப் பொட்டைக் கொஞ்சம் பெரிதாகவே வைத்திருந்தாள். மிஸ் ஃபோனை நீட்டியதும் தேவிப்ரியா வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். அந்தப் படத்தை ஈஸ்வரி தன் ஃபோனிலும் வாங்கிக்கொண்டாள். ஃபோனைத் திறந்தால் முதலில் அதுதான் தெரியும். பிள்ளை விறைத்த விரலால் திரையைத் தட்டித் தட்டித் தன்னையே பார்த்துக்கொள்ளும், தொண்டைக்குள் குரல் கொடுக்கும்.

ஒரு வாரம் கழித்து அறக்கட்டளையிலிருந்து ஒரு பெண் வீடியோ காலில் வந்தாள். மரியாதையான பெண்தான், நான் குறை சொல்லமாட்டேன். மிஸ்ஸோடு இங்கிலீஷில் நெடுநேரம் பேசினாள். ஃபோனை வைத்துவிட்டு மிஸ் வெளியே வந்தார். எங்கள் முகத்தைப் பார்க்காமல் தரையில் கிடந்த பந்தை எடுத்து அலமாரியில் வைத்தார்.

"ஈஸ்வரி, வேற ஒரு படம் கேக்குறாங்க. வீட்டுல சாதாரணமா இருக்குற மாதிரி."

"வீட்லயும் இப்புடித்தான மிஸ் இருக்கும்?"

"இல்ல, பட்டு, நகை, பூவெல்லாம் இல்லாம. அந்தக் கன்னத்துப் பொட்டும் வேணாமாம். அலங்காரம் பண்ணுன மாதிரி இருக்காம்."

"சரி மிஸ், பருத்திக் கவுனு இருக்கு. அயர்ன் பண்ணிப் போட்டு விடுறேன்."

மிஸ் என்னைப் பார்த்தார்.

"அது இல்ல ஈஸ்வரி. படத்தப் பாத்தா கஷ்டம் தெரியணுமாம். இந்தப் படத்துல கஷ்டமே தெரியலங்குறாங்க."

ஈஸ்வரிக்குக் கோபம் வரவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். "கஷ்டத்த எப்புடி மிஸ் ஃபோட்டோல காட்டுறது?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள் இடுப்பு வலியைப் படம் பிடிக்க முடியுமா? ராத்திரி பிள்ளைக்குக் கால் இழுத்துக்கொள்ளும்போது அவள் தேய்த்துவிடுவதைப் பிடிக்க முடியுமா? ஆனால் கம்பிக்கு நடுவில் நடுங்கிக்கொண்டு நின்ற அந்த இரண்டு முழங்கால்களும் என் கண்ணில் இருந்தன. என் மகனின் கனமும் என் இடுப்புக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டேன். மிஸ்ஸும் பாவம், வாடகை பாக்கியில் கழுத்தளவு நின்றுகொண்டு எங்கள் பிள்ளைகளுக்காகக் கையேந்துகிறவர்.

ஈஸ்வரி வீட்டில் படம் எடுப்பதாக முடிவானது. கவர்மெண்ட் திட்டத்தில் கட்டிய காங்கிரீட் வீடு, முன்னறையில் டைல்ஸ் போட்டிருக்கும். அது வேண்டாம் என்று கொல்லைப்பக்கம் விறகு அடுக்கியிருந்த சுவரோரம் போனோம். சிறுத்துப்போன பழைய கவுன் ஒன்றை ஈஸ்வரியே எடுத்து வந்தாள். சடையை அவளே பிரித்துக் கலைத்துவிட்டாள். தேங்காய் எண்ணெய் தொட்டுக் கண் மையைத் துடைத்தாள், கன்னத்துப் பொட்டையும் துடைத்தாள். கடைசியாகத் தோளில் இருந்த துண்டை ஊக்கோடு கழற்றித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். எச்சில் வழிந்து கவுன் நனைந்தது. அவள் கை இரண்டு தடவை துடைக்கப் போய்த் திரும்பியது.

எல்லாம் செய்தும் படம் வரவில்லை. ஃபோனைப் பார்த்ததும் பிள்ளை சிரித்தது. ஃபோன் என்றால் அதற்குப் பட்டுப் பாவாடை போட்ட தேவிப்ரியாதானே. மிஸ் ஃபோனை இறக்கினார், ஏற்றினார். ஏற்றும்போதெல்லாம் அது இன்னும் பெரிதாகச் சிரித்தது.

"போதும் ஈஸ்வரி, விட்டுருவோம்" என்றார் மிஸ்.

"இருங்க மிஸ். நான் கண்ணுல படலைன்னா அது அழுதுரும். அங்கிட்டுப் போயி நிக்கிறேன், எடுத்துக்கிடுங்க."

சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டாள். பிள்ளை அந்தக் கதவையே பார்த்தது. உதடு பிதுங்கியது. கழுத்தைத் திருப்ப முடியாமல் திருப்பி, கண் நிறைந்து, வாய் கோணி அழுதது. மிஸ் எடுத்துவிட்டார். ஈஸ்வரி ஓடி வந்து பிள்ளையை அள்ளிக்கொண்டாள். தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதெல்லாம் அப்போது அவளுக்கு ஞாபகம் இல்லை. உச்சி முதல் உள்ளங்கால் வரை குளிப்பாட்டி, தலை வாரி, இரண்டு கன்னத்திலும் பொட்டு வைத்தாள்.

"பொட்டில்லாம அம்புட்டுப் பேரு கண்ணு முன்னாடியும் போகுதேக்கா" என்று மட்டும் என்னிடம் சொன்னாள்.

படம் மும்பைக்குப் போனது. பணம் ஒதுக்கிவிட்டார்கள். மிஸ் மையத்தில் கேசரி கிண்டிக் கொடுத்தார். நான் அன்றைக்கு மும்பையில் இருந்த எல்லோரையும் வாழ்த்தினேன்.

வேன் வந்து நின்ற காலையில் ஈஸ்வரி தேவிப்ரியாவை, பஸ்ஸில் ஏற்ற முடியாமல் வீட்டோடு கிடந்த சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு தெருமுனைக்கு வந்தாள். வெள்ளை வேன், உள்ளே நாற்காலியை ஏற்றச் சாய்தளம், ஒவ்வொரு இருக்கைக்கும் பெல்ட். குறையே சொல்ல முடியாது. அதன் இரண்டு பக்கமும், ஜன்னலுக்குக் கீழே பெரிதாக, தேவிப்ரியா அழுதுகொண்டிருந்தாள். கலைந்த தலை, நனைந்த கவுன், பின்னால் விறகு. எச்சில் வழிந்த கோடு வெயிலில் பளபளத்தது. விண்ணப்பத்தோடு போய்ச் சேரும் படம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம், மிஸ்ஸும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

படத்துக்கு மேலே இங்கிலீஷில் பெரிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. வேனோடு வந்திருந்த மிஸ்ஸிடம் ஈஸ்வரி கேட்டாள்.

"என்ன மிஸ் எழுதியிருக்கு?"

மிஸ் தயங்கினார். பொய் சொல்லத் தெரியாத மனுஷி. "கவனிக்க யாருமில்லாத குழந்தைகளுக்காக, அப்படின்னு போட்டிருக்கு ஈஸ்வரி."

ஈஸ்வரி குனிந்து பிள்ளையின் தோள் துண்டைச் சரிசெய்தாள். நாற்காலியைத் திருப்பி வீட்டை நோக்கித் தள்ளிக்கொண்டு போனாள்.

வேன் ஊர் ஊராகச் சுற்றியது. டீக்கடை வாசலில் நின்றது, பள்ளிக்கூட வாசலில் நின்றது. யாரோ அதைப் படம் எடுத்து வாட்ஸப்பில் திருப்பூருக்கு அனுப்பினார்கள். "எம் புள்ளைய ரோட்டுல பிச்சைக்கு விட்டியா?" என்று புருஷன் ஃபோனில் கத்தினான். பஸ் ஸ்டாப்பில் சிரித்த அந்தச் சொந்தக்காரி, "வெளிய வரும்போதுதான் சோடிச்சுக் கூட்டியாருவா போல, வீட்ல இப்புடித்தான் போட்டு வச்சிருக்கா" என்று நாலு பேரிடம் சொன்னாள். அது ஈஸ்வரி காதுக்கு வந்து சேர ஒரு பொழுதுகூட ஆகவில்லை.

மிஸ் அழுதுகொண்டே மும்பைக்கு எழுதினார். அந்தப் படத்தை எடுத்துவிட்டு முதல் படத்தையாவது போடுங்கள் என்று கெஞ்சினார். எல்லா வண்டிகளுக்கும் ஒரே மாதிரி வடிவமைப்பு, ஒப்பந்தப்படி மாற்ற முடியாது, புரிந்துகொண்டதற்கு நன்றி என்று பதில் வந்தது. நாங்கள் எதைப் புரிந்துகொண்டோம் என்று அவர்கள் நினைத்தார்களோ.

நானும் போய் ஈஸ்வரியிடம் பேசிப் பார்த்தேன். கட்டிலில் தேவிப்ரியா படுத்திருந்தாள். வலது முழங்கால் மடங்கி இறுகியிருந்தது. நிமிர்த்தப் பார்த்தேன், வீரிட்டாள்.

"அடியே, படம் கெடக்குது. புள்ள காலப் பாரு. ஏத்தி விடுடீ."

"முடியலக்கா. அந்த வண்டில எம்புள்ளைய நானே ஏத்துனா, அதுல எழுதியிருக்குறது நெசமாப் போயிரும்ல."

என் மகன் அந்த வேனில்தான் போகிறான். அவனை நான் இறக்கவில்லை, இறக்கவும் மாட்டேன். என் இடுப்பு பிழைத்துக்கொண்டது. தினமும் காலையில் அவள் வீட்டைத் தாண்டி அவனை ஏற்றிவிடப் போகும்போது உடம்பு கூசுகிறது.

நேற்று வேன் வந்து நின்றபோது ஈஸ்வரி வாசலில் நின்றிருந்தாள். டிரைவர் உடையப்பன் முகம் மலர்ந்து சாய்தளத்தை இறக்கப் போனார்.

"பாப்பா வருதாம்மா?"

"இல்லண்ணே. செத்த நில்லுங்க."

அவள் கையில் மை டப்பா இருந்தது. வேனுக்குப் பக்கத்தில் போனாள். வெயிலும் புழுதியும் படிந்திருந்த அந்த முகத்தை முந்தானையால் துடைத்தாள். வாயோரத்து எச்சிலையும் துடைத்தாள், அது படத்தில் இருப்பது, போகவில்லை. பிறகு விரலில் மை தொட்டு இடது கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தாள். சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் அங்கேயும் வைத்தாள்.

"இப்ப போங்கண்ணே" என்றாள்.

உடையப்பன் ஹாரன் அடித்துவிட்டு வண்டியை எடுத்தார். ஹாரன் கேட்டதும் வீட்டுக்குள்ளிருந்து தேவிப்ரியா சந்தோஷமாகக் குரல் கொடுத்தாள். ஈஸ்வரி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.