ஒல்லி மனிதரின் வயிற்றளவு

1
இந்தக் கதை ஒரு கிளினிக்கின் காத்திருப்பு நாற்காலியில், எனக்குப் பின்னாலிருந்து காதில் விழுந்தது. "மெஷின் பொய் சொல்லுதுக்கா." நான் திரும்பிப் பார்க்கவில்லை. மிச்சமெல்லாம் கற்பனை, என்னையும் கொஞ்சம் சந்தேகத்தோடே படியுங்கள்.

2
அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். வீட்டில் 'குச்சி'. கை, கால், கழுத்து எல்லாம் ஒல்லி. சட்டைக்குள் மட்டும் சின்னத் தொப்பை. (முதலில் 'பானை' என்று எழுதினேன். அவர் ஒப்புக்கொள்ள மாட்டார், அடித்துவிட்டேன்.) எடை குறைக்க வந்த அக்காவுக்குத் துணையாகப் போனவரை, "சும்மா நீயும் ஏறிப் பாரேன்டா" என்றாள் அக்கா.

நர்ஸ் வயிற்றைச் சுற்றி டேப் பிடித்தார், கொழுப்பு அளக்கும் மெஷினில் ஏற்றினார், முகத்தைச் சுளித்தார்.

"அக்காவுக்குக் கொழுப்பு தொடையிலதான் சார் ஜாஸ்தி. உங்களுக்கு வயித்துக்குள்ள. அதுதான் ஆபத்து. டாக்டரைப் பாருங்க."

"என் எடை சரியாத்தானே இருக்கு?"

"எடை சரி சார். அது எங்க போய் உட்கார்ந்திருக்குன்னு பாருங்க."

ஆள் பிடிக்கிறார்கள் என்று முடிவு கட்டினார். வேறு இடத்தில் ஏறிப் பார்த்தார், அதே பதில். ரெண்டு பேரும் கூட்டு! தையல்காரரிடம் டேப் இரவல் வாங்கி, மூச்சை இழுத்துப் பிடித்து அளந்தார். அப்போதுதான் மனசு ஆறியது.

3
'அவர்கள் அப்பாவும் ஒல்லிதான், ஒருநாள் திடீரென்று நெஞ்சை...'

வேண்டாம். பயமுறுத்தி அழவைக்கிற வேலை எனக்கு எதற்கு? ஆனால் அக்கா என்னைக் கேட்கவில்லை. போனில் சொல்லியே விட்டாள்:

"அப்பாவை யாராவது குண்டுன்னு சொன்னாங்களாடா?"

அவர் போனை வைத்தார்.

4
மறுவாரம் அக்காவை ஏற்றிவந்து, கிளினிக் வாசலில் காரை நிறுத்தினார்.

"இறங்குக்கா."

"இன்னைக்கு எனக்கு இல்லடா. உன் பேர்லதான் சொல்லி வச்சிருக்கேன்."

"நினைச்சேன்!"

சந்தேகம் பலித்ததில் ஒரு கணம் சந்தோஷம்கூட வந்தது. கியரைப் போட்டார். கார் நகர்ந்து, குலுங்கி நின்றது. பயிற்சிக் காரில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் உண்டு. அதன்மேல் அக்காவின் கால்.

"காலை எடு."

"மாட்டேன். எனக்குன்னு இருக்கிறது நீ ஒருத்தன்."

5
இறங்கினார் என்று முடித்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. இறங்கவில்லை என்று மாற்றினேன். அதற்குமேல் அக்காவின் முகத்தை எழுத முடியவில்லை. பின்னால் வண்டிகள் ஹார்ன் அடிக்கின்றன. அவள் காலை எடுக்க மாட்டாள், அது மட்டும் நிச்சயம். அவர் பக்கத்துக் கதவை நீங்களே திறந்துவிடுங்கள், இல்லையென்றால் கார் இங்கேயேதான் நிற்கும்.