வெள்ளிக்கிழமைச் சீட்டு

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கே ஆதிமூலத்துக்கு அலுத்துப்போயிருந்தது. முதலியார்பேட்டையிலிருந்து குருசுக்குப்பத்துக்கு ஸ்கூட்டரில் வந்து சேர்வதற்குள் ஊரில் உள்ள பாதிப் பேர் அவருக்குக் குறுக்கே போய்விட்டார்கள். மீதிப் பேர் போன் செய்துகொண்டிருந்தார்கள். இருபத்தாறு வருடமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறார். எல்லாம் நன்றாக ஓடுகிறது என்று சொல்வதற்காக இதுவரை ஒருத்தரும் அவரைக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் எங்கேயோ ஏதோ செத்திருக்கிறது என்று அர்த்தம்.

இன்றைக்கு நிஜமாகவே ஒருத்தர் செத்திருந்தார்.

கொளஞ்சியின் பேனர் கடை வாசலில் இராமதாஸ் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அவனுடைய அப்பா மண்ணாங்கட்டி விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். முன்னால் பிறந்த மூன்றும் தங்காததால், எமன் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று வைத்த பெயர் அது. எழுபத்துநாலு வருடம் எமனை ஏமாற்றியிருக்கிறது. மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். அதற்குள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் நிற்க வேண்டும். பேனர் வைக்காவிட்டால், ஆள் ஏதோ வெளியூர் போயிருக்கிறார் என்றுதான் ஊர் நினைத்துக்கொள்ளும்.

போட்டோவுக்காக வீட்டில் யாரும் தேடவில்லை. பதினோரு வருடமாகக் குப்பத்தில் அது வழக்கமில்லை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம் என்று எந்த பேனருக்குப் படம் வந்தாலும், கொளஞ்சி அதில் ஓரத்தில் நிற்கும் தாத்தா, பெரியம்மா எல்லாரையும் தனித்தனியாக வெட்டியெடுத்துப் பெயர் போட்டு வைத்துவிடுவாள். ஆள் போன அன்றைக்கு அந்த முகம் எழுந்து வரும். பேத்தி காதுகுத்தில் சிரித்த அதே சிரிப்பு, பின்னால் மட்டும் பூமாலையும் மெழுகுவர்த்தியும்.

மண்ணாங்கட்டியின் சிரிப்பும் அவள் கம்ப்யூட்டருக்குள்தான் இருந்தது. கம்ப்யூட்டர்தான் நேற்று சாயங்காலத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. நீலத் திரை காட்டும், அணையும், மறுபடி நீலத் திரை காட்டும்.

வேறு படமே இல்லையா என்று ஆதிமூலம் கேட்டார்.

"ஆதார்ல இருக்குதுண்ணே," என்றான் இராமதாஸ். "அந்த மூஞ்ச தெருவுல வச்சா எங்கப்பா எழுந்து வந்து ஒதைப்பாரு."

ஆதிமூலம் முழங்கால் முனக, தரையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தார். உள்ளே உள்ளங்கை அகலத்தில் மெலிசாக இருந்த எஸ்எஸ்டி என்ற டிஸ்க்கைக் கழற்றி, ஒயர் போட்டுத் தன் லேப்டாப்பில் மாட்டினார். முதல் தடவை ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. மூன்றாவது தடவை, வேண்டாவெறுப்பாகக் கதவைத் திறக்கும் வீட்டுக்காரர் மாதிரி, டிஸ்க் தன் பெயரைச் சொன்னது.

அதன் உடம்பைச் சோதிக்கும் மென்பொருளை ஓட்டிப் பார்த்தார். ஆயுள் முடிந்தது என்று வந்தது. எஸ்எஸ்டியில் பழைய ஹார்டு டிஸ்க் மாதிரி சுற்றுகிற தட்டு கிடையாது. நோட்டில் ஒரே இடத்தில் ரப்பரால் அழித்து அழித்து எழுதினால் தாள் தேய்ந்து கிழிகிற மாதிரி, அதற்குள் இத்தனை தடவைதான் எழுதலாம் என்று ஒரு கணக்கு உண்டு. அது தீர்ந்ததும் இது கொஞ்சம் மரியாதையாக நடந்துகொண்டிருந்தது. இனி எழுத விடமாட்டேன், வேண்டுமானால் படித்துக்கொள் என்று நின்றிருந்தது. கரண்ட் போய் வந்தால் அதுவும் நிச்சயமில்லை.

"முதல்ல மண்ணாங்கட்டிய எடுத்துடுங்கண்ணே, மத்தவங்க அப்புறம்," என்றாள் கொளஞ்சி.

நகல் எடுக்கப் போட்டார். பச்சைக் கோடு நகர்ந்த வேகத்துக்கு நத்தையே ஹாரன் அடித்திருக்கும். காத்திருந்த நேரத்தில் சோதனை அறிக்கையைப் படித்தார். இதுவரை எழுதப்பட்டது அறுபத்திரண்டு டெராபைட் என்று போட்டிருந்தது. நாலு வருடத்தில், ஒரே ஒரு பேனர் கடையில். குப்பத்தில் எல்லாரும் தினம் மூன்று தடவை காது குத்திக்கொண்டாலும் இவ்வளவு வராதே என்று யோசித்தபடி தலையைத் திருப்பினார்.

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. லேமினேட் செய்து, சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்திருந்தாள். "வெள்ளிதோறும் தவறாமல் டிஃப்ராக் போடவும். பிறகு காலி இடத்தைத் துடைக்கவும். டிஸ்க் நெடுநாள் உழைக்கும்." கீழே கையெழுத்து: ஆதிமூலம்.

அவர் சீட்டை இன்னொரு தடவை படித்தார். எழுதியபோது அது சரிதான். அன்றைக்கு உள்ளே இருந்தது ஹார்டு டிஸ்க். சிதறிக் கிடக்கும் துண்டுகளை வாரம் ஒருமுறை வரிசையாக அடுக்கி வைத்தால் அதற்குச் சுகம். நாலு வருடத்துக்கு முன்னால் அதைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டியை மாட்டியவரும் அவர்தான். பழையதில் இருந்ததை அப்படியே, அந்த டிஃப்ராக் மென்பொருளோடு சேர்த்து, புதியதில் ஏற்றினார். சீட்டைக் கிழிக்க மறந்தார். எஸ்எஸ்டிக்கு அடுக்கும் வேண்டாம், துடைப்பும் வேண்டாம். ஒவ்வொரு வெள்ளியும் மொத்த டிஸ்க்கையும் அழித்து எழுதி, அதன் ஆயுளை இவளைக்கொண்டே சுரண்ட வைத்திருக்கிறார்.

கொளஞ்சி அவர் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது.

"அண்ணே, நடுவுல ரெண்டு வெள்ளி உட்டுட்டேன். பாப்பாவுக்கு ஜொரம். அதான் போயிடுச்சா?"

ஆமாம் என்று தலையாட்டினால் முடிந்தது. வோல்டேஜ் என்று சொல்லலாம். ரிப்பேர்க்காரர்களின் குலதெய்வம் வோல்டேஜ். இருபத்தாறு வருடத்தில் அது அவருடைய பாதித் தப்புகளைச் சுமந்திருக்கிறது, ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. ஆனால் இந்தப் பெண் இனி ஆயுசுக்கும் அந்த இரண்டு வெள்ளியை நினைத்துக்கொண்டிருப்பாள்.

"இல்லம்மா," என்றார். "நீ உட்ட ரெண்டு வெள்ளிதான் அதுக்கு ரெண்டு வாரம் ஆயுசு குடுத்துச்சு. மத்த வெள்ளிங்கதான் கொன்னுச்சு. இந்த மாடலுக்கு அது ஆகாது. மாத்தன அன்னிக்கே சீட்ட கிழிச்சிருக்கணும். மறந்துட்டேன். தப்பு என்னுது."

கொளஞ்சி சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் கொஞ்சம் இளைப்பாறியிருக்கலாம்.

"இத்தனை வருஷமா குளிச்சிட்டுதாண்ணே போட்டேன்," என்றாள்.

லேப்டாப் டிங் என்றது.

மண்ணாங்கட்டி வந்துவிட்டார். மஞ்சள் சட்டை, காதில் பூ, முன்பல் இல்லாத சிரிப்பு. இராமதாஸ் வாசலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, மூக்கைத் துண்டில் துடைத்துக்கொண்டு வெளியே போனான். கொளஞ்சி ஆதிமூலத்தின் லேப்டாப்பிலேயே மாலை போட்டு, தேதி போட்டு, அரை மணியில் பிரின்ட் அடிக்கும் இடத்துக்கு அனுப்பினாள். காதுப்பூவை எடுத்துவிடவா என்று கேட்டதற்கு, இருக்கட்டும் என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

மற்ற முகங்கள் வந்து சேர மத்தியானம் ஆனது. அதற்குள் ஆதிமூலம் புது டிஸ்க்கை மாட்டி முடித்தார். முப்பத்தொன்பது முகங்களைப் பழைய டிஸ்க் கடைசிவரை கொடுக்கவில்லை. கொளஞ்சி பெயர்களை விரல் வைத்துப் படித்தாள்.

"பாதிப் பேரு உசுரோட இருக்காங்கண்ணே. கூப்ட்டு மறுபடி எடுத்துக்கலாம். எதுக்குன்னு கேட்டாதான் என்னா சொல்றதுன்னு தெரியல."

மீதிப் பாதியைப் பற்றி அவள் பேசவில்லை.

புதுச் சீட்டு எழுதிக் கொடுக்கச் சொன்னாள். அவர் எழுதினார்: "வெள்ளிக்கிழமை ஒன்றும் செய்ய வேண்டாம். டிஸ்க்கில் கால் பாகம் எப்போதும் காலியாக இருக்கட்டும். மாதம் ஒருமுறை முகங்களை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து, வீட்டில் வைக்கவும்." கையெழுத்துப் போடத் தயங்கினார். அவள் பேனாவைத் திருப்பி வாங்கவில்லை. போட்டார்.

"ஒண்ணுமே செய்யாம எப்டிண்ணே சும்மா இருக்கிறது?"

"எனக்கும் வராதும்மா. பழகிக்கலாம்."

அவள் புதுச் சீட்டுக்கும் குங்குமம் வைத்தாள்.

பழைய சீட்டை நகத்தால் உரித்து எடுத்தபோதுதான் ஆதிமூலத்துக்கு இன்னொன்று உறைத்தது. அது அவர் கையெழுத்தே இல்லை, கையெழுத்தின் ஜெராக்ஸ். சீட்டு எழுதிய வருடம் பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் நூறு நகல் எடுத்தார். வாடிக்கையாளர் நலம் என்று பெருமையாக ஊரெங்கும் ஒட்டினார். அதில் எத்தனை வீட்டில் பின்னால் எஸ்எஸ்டி மாட்டினார், எத்தனை சீட்டைக் கிழித்தார் என்றால், முதல் கேள்விக்கு ஞாபகம் இல்லை. இரண்டாவதற்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஒன்று. அதுவும் இப்போதுதான்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை.

ஸ்கூட்டரில் உட்கார்ந்து, சீட் சுட்டதைப் பொறுத்துக்கொண்டு, முதல் நம்பரைப் போட்டார். முதலியார்பேட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் கார்குழலி எடுத்தாள். அவள் ரொம்ப ஒழுங்கானவள். ஒரு வெள்ளியும் விட்டிருக்க மாட்டாள்.

"ஆதிமூலம் பேசறேம்மா. சாயங்காலம் வந்து நேர்ல சொல்றேன். அதுவரைக்கும் அந்தச் சீட்டுல இருக்கறத எதையும் செய்யாத," என்றார். கொஞ்சம் யோசித்து, "குளிச்சிருந்தாலும் செய்யாத," என்றார்.