பெருக்கி வைத்த காடு

அமைச்சர் வருகிறார் என்றதும், ஆய்வு நிலைய இயக்குநர் காட்டைப் பெருக்கச் சொல்லிவிட்டார். விடுப்பு முடிந்து வந்த ஆராய்ச்சிக்காரி திகைத்து நின்றாள். அவள் மூன்று வருடமாக அளந்துவந்த மரங்களுக்கடியில் கண்ணுக்கெட்டியவரை ஒரு சருகு இல்லை.

"பாத்தியாம்மா? கல்யாண மண்டபம் மாதிரி பளிச்சுனு இருக்கு!"

"சார், இந்த மண்ணுல சத்தே கிடையாது. விழுற இலை மக்கித்தான் மரத்துக்குச் சோறு. நீங்க சோத்துப் பானையைக் கழுவிக் கவுத்துட்டீங்க."

"அதான் நீ உரம் போடுறியே?"

"அது அந்தப் பக்கம் சார். ஒப்பிட்டுப் பாக்க இதைச் சும்மா விடணும். சும்மா விடத்தான் எனக்குச் சம்பளமே."

"சும்மா விடுறதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா!" என்று தொப்பை குலுங்கச் சிரித்தார்.

ஒரு மரத்தின் பின்னால் போய் அவள் அழுதாள். கண்ணைத் துடைத்தபோதுதான் தெரிந்தது, அமைச்சரின் கால் வலிக்கும் தூரம்வரைதான் பெருக்கியிருந்தார்கள். அதற்கப்பால் மீதிப் பாதியில் சருகு அப்படியே கிடந்தது.

"சார், இனிமே வாராவாரம் இதே தூரம்வரைக்கும் பெருக்கச் சொல்லுங்க" என்றாள் திரும்பி வந்து.

இயக்குநருக்குப் பெருமை பிடிபடவில்லை.

சில வருடங்களில், பெருக்கிய பாதியின் மரங்கள் மற்றவை பருத்ததில் பாதிகூடப் பருக்கவில்லை. 'இயக்குநரின் நேரடி மேற்பார்வையில் பட்டினி போடப்பட்ட பகுதி' என்று தன் ஆய்வுக் கட்டுரையில் நன்றியோடு அச்சிட்டாள். அந்தப் பக்கத்தை அவர் சட்டம் போட்டு நாற்காலிக்கு மேலே மாட்டியிருக்கிறார். தினமும் தூசி தட்டுகிறார்.