திரும்பி நின்ற எழுத்து

அது சோவியத் காலம். உக்ரைனின் லிவிவ் நகரில் எங்கள் அச்சுக்கூடத்துக்குப் புது இயக்குநராக எட்வார்ட் பாவ்லோவிச்சை அனுப்பினார்கள். அதற்கு முன் அவர் செருப்புத் தொழிற்சாலையில் இருந்தவர். இடது எது, வலது எது என்று அந்தத் தொழிலாவது கற்றுக்கொடுத்திருக்கும் என்று நினைத்தேன். என் நினைப்பில் மண் விழுந்தது.

அச்சுப்பொறியைச் சுற்றுவது என் வேலை. இயக்குநரின் முத்திரை இல்லாமல் தீப்பெட்டி அளவுத் தாளைக்கூட அதில் விடக் கூடாது. மெலானியா அங்கே மரத்தில் செதுக்கி அச்செடுப்பவள். நல்ல ஓவியக்காரி, குதிரைச் சந்தைகளும் மலைப் பெண்களுமாக வரைந்து இரண்டு கண்காட்சி வைத்தவள். தடைசெய்த கவிதைகளை நகலெடுத்தான் என்று அவள் தம்பி யெவ்ஹேனைக் கைதிகள் முகாமுக்கு அனுப்பிய பிறகு, அவள் ஓவியத்தைச் சுவரில் மாட்ட ஒருவருக்கும் துணிவில்லை. ஜாம் புட்டிகளுக்கு லேபிள் செதுக்கிக்கொண்டிருந்தாள்.

பதினோரு மாதமாகத் தம்பியிடமிருந்து கடிதம் இல்லை. உயிரோடு இருக்கிறானா என்பதே தெரியவில்லை.

நவம்பரில் ஒருநாள் பேரிமரத் துண்டு ஒன்றில், இரண்டு கோதுமைக் கதிர்களுக்கு நடுவே ஒரே எழுத்தைச் செதுக்கி முடித்தாள். தம்பியின் புத்தகங்களில் ஒட்டப் பெயர்ச்சீட்டு. அவன் பெயரின் முதல் எழுத்து Є, யே. எங்கள் உக்ரைனிய மொழியில் அது தனியாக நின்றால் ஒரு சொல்லும்கூட: இருக்கிறேன், இருக்கிறான் என்று பொருள். பள்ளியில் பெயர் கூப்பிட்டால் அதைச் சொல்லித்தான் எழுந்து நிற்போம்.

"ஒரு சீட்டைக் கடிதத்தோட வெச்சு அனுப்பப்போறேன், பவ்லீனா அக்கா. ஒத்தை எழுத்து. இதுல எதைன்னு அடிப்பான் தணிக்கைக்காரன்?"

"முதல்ல முத்திரைக்கு வழி பாரு."

பேசிக்கொண்டிருக்கும்போதே இயக்குநர் உள்ளே வந்து கட்டையை எடுத்துப் பார்த்தார். அச்சுக்கட்டையில் எல்லாம் இடவலம் மாறித்தானே இருக்கும்? எங்கள் Є அங்கே Э என்று திரும்பி நின்றது. அது ரஷ்ய எழுத்து, எ. அவர் பெயரின் முதல் எழுத்து.

"யாருக்கு இது?"

மெலானியா வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "வேற யாருக்கு, எட்வார்ட் பாவ்லோவிச்? உங்க ஐம்பதாவது பிறந்தநாளுக்குத்தான். ரகசியமா வெச்சிருந்தோம், நீங்களே வந்து கெடுத்துட்டீங்க."

"அடடே! உன்னைப் பத்தி என்னென்னமோ சொன்னாங்க மெலானியா. நல்ல பொண்ணாத்தானே இருக்கே!" அங்கேயே அனுமதிச் சீட்டில் முத்திரை குத்தினார். வெள்ளிக்கிழமைக்குள் நாற்பது பிரதி வேண்டுமாம்.

அவர் போனதும் அவள் என்மேல் பாய்ந்தாள். "அது என்ன வாயா, வாய்க்காலா? அச்சுல யே-ன்னுல்ல வரும்! என்னையும் தம்பிகூடவே அனுப்பிடுவாங்க!"

"முத்திரை வேணுமா, வேண்டாமா?"

என்னை முறைத்தவள், சட்டென்று ஒரு வெறுந்தாளை நனைத்தாள். மை காயாத பிரதியின் மேல் அதை வைத்து மறுபடி பொறியில் விடச் சொன்னாள். எழுத்து இன்னொரு முறை திரும்பி, Э ஆகவே அந்தத் தாளில் ஒட்டியது. முதல் தாள் தம்பிக்கு, இரண்டாவது இயக்குநருக்கு. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

"கொஞ்சம் வெளுத்துக் கெடக்கே?" என்றார் அவர் வெள்ளிக்கிழமை.

"ரசனை உள்ளவங்களுக்கு இப்படித்தான் போடுவோம்," என்றாள் மெலானியா.

கட்டையையும் கேட்டு வாங்கித் தன் மேஜையில் காகிதங்கள் பறக்காமல் இருக்க வைத்துக்கொண்டார். கையெழுத்துப் போட வைக்கும் ஒவ்வொரு ஆணையின் மேலும் யெவ்ஹேன் உட்கார்ந்திருந்தான். எனக்கு அதில் இருந்த திருப்தியைச் சொல்லி மாளாது.

கடிதம் போனது. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. பதில் இல்லை. மெலானியா தபால்காரியைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விடுவாள். நம்பிக்கை கொடுத்த பாவத்தில் எனக்கும் பங்கு உண்டே என்று நெஞ்சு குறுகுறுத்தது.

மார்ச்சில் முகாமின் உறை வந்தது. அவள் அதை என்னிடம் நீட்டினாள்; நான்தான் கிழித்தேன். ஒரே தாள். தலையிலிருந்து கால்வரை ஒவ்வொரு வரியையும் கறுப்பு மையால் அடித்திருந்தார்கள். அவனுடைய கையெழுத்துதானா என்றுகூடத் தெரியவில்லை. என் கண்ணாடியையும் காணோம்.

மெலானியா தாளை வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோனாள். கீழ் மூலையில் ஒரே ஒரு எழுத்தை மட்டும் விட்டிருந்தார்கள். பெயரின் சுருக்கம் என்று நினைத்திருப்பான் தணிக்கைக்காரன்.

"என்னடி எழுதியிருக்கான்?"

அவள் அழுதுகொண்டே படித்தாள்.

"இருக்கானாம், அக்கா."