நான்கு நாள் பார்த்த ஊர்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியது இல்லை. என் மனைவியின் பையிலிருந்து விழுந்தது.

போன மாதக் கடைசியில் அவள் ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். முப்பத்தொரு வருடம் லேபில் ஊரார் இரத்தத்தைப் பரிசோதித்தவள். அலமாரியைக் காலி செய்து இரண்டு பை நிறையச் சாமான் கொண்டுவந்தாள். ஒரு ஜோடிச் செருப்பு, காது உடைந்த கோப்பை, மகள் இரண்டாம் வகுப்பில் வரைந்த யானை. யானைக்கு அடியில் நான்காக மடித்த ஒரு தாள்.

அது லேபில் ரிப்போர்ட் எழுதும் தாள். இடப்பக்கம் பரிசோதனை, நடுவில் கண்டது, வலப்பக்கம் இயல்பான அளவு. நோயாளியின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஓர் ஊரின் பெயர் இருந்தது. (பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். மற்றவர்கள் படிப்பதை விட்டுவிட்டு வரைபடத்தைத் தேடுவார்கள்.) கீழே அவளுடைய குண்டு குண்டான எழுத்து:

குடிநீர் – சப்பென்று இருக்கிறது. இயல்பு – நம் ஊர்த் தண்ணீர், லேசான உப்பு.
வேலைக்குப் போக – நடந்தால் பதினொரு நிமிடம். இயல்பு – பஸ்ஸில் ஐம்பது, நின்றுகொண்டு.
ஜன்னல் – ஆறு. இயல்பு – இரண்டு, அதில் ஒன்று திறக்காது.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் நாங்கள் இருவரும் அந்த ஊருக்குப் போய், அங்கே குடியேறலாமா என்று நான்கு நாள் பார்த்துவிட்டு வந்தோம். குடியேறவில்லை. ஏன் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

"ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வரலாமா?" என்று தாளைப் பிரித்தபடி கேட்டாள்.

"பாக்கலாம்" என்றேன்.

நான் பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். தாளை மடித்து வைத்துவிட்டாள். அன்று சாயங்காலமே இதை எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: 'ரயில் அந்த ஊரை நெருங்கியபோது மழை தூறிக்கொண்டு—'

[பென்சிலில்: மழையா? வெயில் மண்டையைப் பிளந்துச்சு. குடையை ரயில்லயே விட்டுட்டு இறங்கினீங்க.]

இந்தப் பென்சிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பாடநூல் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். கதை எழுதுவது ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். அச்சகத்தில் நான் அடுத்தவர் எழுத்தில் கை வைக்கிறேன். வீட்டில் அவள் என் எழுத்தில் வைக்கிறாள். பக்கம் பக்கமாகக் கொடுத்தால்தான் படிப்பாள்; முதல் பகுதியை மட்டும் நான் இன்னும் கொடுக்கவில்லை. பாராட்டுவது என்ற பழக்கம் கிடையாது.

இரண்டாம் தொடக்கம்: 'மனைவியின் வேலைக்காக ஓர் ஆண் ஊர் மாறுவது என்பது நம் சமூகத்தில்—'

நானே அடித்துவிட்டேன். அந்த வாக்கியத்தைத் தொடர்ந்தால் நான் நல்லவனாக முடிந்துவிடுவேன் என்று தோன்றியது.

மூன்றாவது: 'அவளுக்கு அந்த ஊர் ஆஸ்பத்திரியில், லேப் முழுவதையும் தன் பொறுப்பில் நடத்தும் வேலை கிடைத்தது.' இது இருக்கட்டும். இங்கே அவள் ஆறு பேரில் ஒருத்தி. அங்கே அவளுக்கென்று ஒரு மேஜை, ஒரு கதவு, கதவில் பெயர்ப்பலகை. பதில் சொல்லப் பத்து நாள் கெடு. மகளை அவள் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு ரயில் ஏறினோம்.

3

ஓர் ஊரை நான்கு நாளில் எடைபோட முடியுமா? முடியாது. ஆனால் எல்லோரும் போடுகிறோம். முதல் நாள் ஆட்டோக்காரர் முகத்தைச் சுளித்தால் ஊரே முசுடு. டீக்கடைக்காரர் கேட்காமலே இரண்டாவது கிளாஸ் தண்ணீர் வைத்தால் ஊரே தங்கம். நாம் பார்ப்பது ஊரையே இல்லை என்று இப்போது நினைக்கிறேன். அங்கே நடமாடும் நம்மைப் பார்க்கிறோம். புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நிற்பதுதான்; பிடித்திருந்தால் சட்டை நல்ல சட்டை.

அவள் அந்த ஊரில் வேகமாக நடந்தாள். அதுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. இங்கே என் பின்னால் இரண்டடி தள்ளி வருபவள், அங்கே எனக்கு முன்னால் போய், முனையில் நின்று திரும்பிப் பார்த்து, "வாங்களேன்" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் சாய்வான தெரு, இருபுறமும் தாழ்வான மதில், ஒரு சலவைக்கடை, ஒரு சைக்கிள் கடை. அந்த இடத்தில், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள் அந்த முப்பத்தொன்பது வயதுப் பெண். அவளை நான் அதற்கப்புறம் பார்க்கவே இல்லை.

[பென்சிலில்: முப்பத்தெட்டு.]

இனி வீட்டுக்காரம்மா. கீழ் வீட்டில் திரைச்சீலை தைப்பவர். மாடியை வாடகைக்கு விட இருந்தார். இந்தப் பாத்திரத்தோடுதான் நான் மிகவும் மல்லுக்கட்டினேன். முதலில் அவரைச் சிடுசிடுப்பானவராக எழுதினேன். மாடிக் குழாயில் தண்ணீர் வராது என்பதை மறைப்பவராக, ஆயிரம் நிபந்தனை போடுபவராக. அப்படி இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதி!

[பென்சிலில்: சுத்தப் பொய். அந்தம்மா தங்கம். முதல் நாளே எனக்கு மிஷின்ல உக்காந்து ஒரு ஓரம் தைக்கக் கத்துக்குடுத்தாங்க. கடைசியில் மட்டும் ஏன் அப்படிப் பண்ணாங்களோ.]

கடைசி வரியை நான் நான்கு தடவை படித்தேன். சிடுசிடுப்பை எல்லாம் அடித்துவிட்டேன்.*

* அடித்தவற்றைக் காட்டாமல் விடுவதுதான் முறை. ஆனால் இந்தக் கதையில் நான் ஏற்கெனவே பத்தொன்பது வருடம் ஒன்றை மறைத்திருக்கிறேன். போதும்.

4

இந்தப் பகுதியை எழுதாமல் இருக்க என்னென்ன செய்தேன் என்று ஒரு தனிக் கதை எழுதலாம். பரணைச் சுத்தம் செய்தேன். மூன்று பேனாவுக்கு மை மாற்றினேன். "கதை என்னாச்சு, கிணத்துல போட்ட கல்லா?" என்று அவள் இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் பிற்பகல். அவள் மாடியில் ஜன்னல்களை அளந்துகொண்டிருந்தாள். வீட்டுக்காரம்மா அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்திருந்தார். நான் கீழே செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினேன். பாதிப் படியில் அவள் குரல் கேட்டது.

"நாம சனிக்கிழமை இந்த ஜன்னலுக்கெல்லாம் வெள்ளை அடிச்சுடலாம்மா. அவரைக் கூப்பிட வேணாம். பெயிண்ட் வாடைக்குத் தும்மிக்கிட்டே இருப்பாரு."

இருவரும் சிரித்தார்கள். கேலிகூட இல்லை, பிரியமாகத்தான் சொன்னாள்.

'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே. 'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளே. ஆறாம் வகுப்பு இலக்கணப் புத்தகத்தில் இந்தப் பாடத்தை மூன்று பதிப்புகளுக்கு மெய்ப்புப் பார்த்திருக்கிறேன். பாதிப் படியில் நிற்பவனைப் பற்றி அந்தப் பாடத்தில் ஒன்றும் இல்லை.

மூன்றே நாளில் அவளுக்கு அங்கே ஒரு 'நாம்' கிடைத்துவிட்டது. எனக்கு அந்த ஊரில் கிடைத்தது, "புதுசா வரப்போற லேப் அம்மாவோட வீட்டுக்காரர்" என்ற பெயர் மட்டும். சலவைக்கடைக்காரர் அப்படித்தான் கூப்பிட்டார். நல்ல மனுஷர். எனக்குத்தான் எரிந்தது. அச்சகத்தில் ஜன்னலோரம் எனக்கொரு நாற்காலி இருந்தது. சந்தேகம் வந்தால் ஆசிரியர் குழுவே என்னிடம் வந்து நிற்கும். அதை விட்டுவிட்டு இங்கே வந்து நான் யார்? பயந்துவிட்டேன். இதைவிட நாகரிகமான சொல் கிடைக்கவில்லை.

நான்காம் நாள் காலை அவள் லாட்ஜில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். வீட்டை எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு வர என்னை அனுப்பினாள். வீட்டுக்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார்.

"வாங்க தம்பி. சனிக்கிழமை வர்றதுன்னு அது சொல்லிட்டுப் போச்சு. நீங்களும் வர்றீங்கல்ல?"

"இல்லம்மா. எங்களுக்குச் சரிவராது."

எங்களுக்கு என்றேன். அந்தச் சொல்லுக்குள் அவளையும் கேட்காமல் இழுத்துப் போட்டேன். அந்த அம்மா மிஷினுக்குத் திரும்பியபடி, "அதுக்கென்ன, நல்லா இருங்க" என்றார்.

லாட்ஜுக்குத் திரும்பி அவளிடம் சொன்னேன். "வீட்டை அவங்க தங்கச்சிக்குக் குடுத்துட்டாங்களாம்."

அவள் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் வேணா போய்க் கேக்கட்டுமா?"

"கீழ பூட்டிட்டுப் போயிட்டாங்க. ரயிலுக்கு நேரமாச்சு."

"வேற வீடு பாக்கலாம்ல?"

"பாக்கலாம்" என்றேன். கெடு முடியும் வரை பார்க்கலாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் வேலை வேண்டாம் என்று எழுதிப் போட்டாள். அதற்கப்புறம் பத்தொன்பது வருடம் ஐம்பது நிமிடம் பஸ்ஸில் நின்றுகொண்டு போனாள். தன்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர் ஒருவரின் கீழ் வேலை பார்த்து ஓய்வு பெற்றாள். ஒருநாளும் குறை சொல்லவில்லை. எல்லாம் நேரம் என்று விட்டுவிட்டாள். அந்த நேரத்தின் பெயர் நான்.

5

போன செவ்வாய்க்கிழமை காலை நாலாம் பகுதியைச் சாப்பாட்டு மேஜையில் அவள் முன்னால் வைத்தேன். குளித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போகாமல் நடையிலேயே நின்றேன்.

பக்கங்கள் திரும்பி வந்தபோது ஒரே ஓர் இடத்தில்தான் பென்சில் பட்டிருந்தது. 'வெள்ளை அடிச்சுடலாம்' என்பதில் வெள்ளையை அடித்துவிட்டு மேலே எழுதியிருந்தாள்: பச்சை.

அன்று முழுவதும் அவள் பேசவில்லை என்று எழுதினால் நாடகமாக இருக்கும். பேசினாள். பால் வாங்கச் சொன்னாள். மகளோடு போனில் சிரித்தாள். சாயங்காலம் துணி மடிக்கும்போதுதான் கேட்டாள்.

"அந்தம்மா என்னைப் பத்தி என்ன நினைச்சிருப்பாங்க? சனிக்கிழமை வர்றேன்னு சொல்லிட்டு வந்தேனே."

என்னைப் பற்றி ஏதாவது கேட்பாள் என்று பதில்களெல்லாம் தயாராக வைத்திருந்தேன். "மன்னிச்சிடும்மா" என்றேன்.

"அது கிடக்கட்டும்" என்று என் வேட்டியை மடித்து என் பக்கம் வைத்தாள்.

மறுநாள் காலை ஒரு சின்னப் பெட்டியோடு நின்றாள். "நான் போய் நாலு நாள் இருந்து பாத்துட்டு வர்றேன்."

"நானும் வரட்டுமா?"

"வேணாம். போன தடவை ரெண்டு பேரும்தானே சேந்து பாத்தோம்?"

6

அவள் போன பிறகு, வழக்கப்படி, மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) அவள் சிரித்து, "எனக்கு அப்பவே தெரியும்" என்கிறாள். எல்லாக் கதைகளிலும் மனைவிகளுக்கு அப்பவே தெரிந்திருக்கிறது. எழுதுவது கணவன்மார்கள் என்பதால். இவளுக்குத் தெரியாது. நான் நடையில் நின்று அவள் முகத்தைப் பார்த்தேன்.

(ஆ) மாடி வீடு காலியாக இருக்கிறது. நாங்கள் இருவரும் ஆறு ஜன்னல்களையும் திறந்து— வேண்டாம். இது எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் மிட்டாய்.

(இ) வீட்டுக்காரம்மா காலமாகிவிட்டார் என்று— எழுதும்போதே வெட்கமாக இருந்தது. சாட்சியைக் கொன்றுவிடப் பார்த்திருக்கிறேன்.

மூன்றையும் அடித்துவிட்டேன். நடந்ததை மட்டும் தருகிறேன்.

முதல் நாள் சாயங்காலம் போன் செய்தாள். வீட்டுக்காரம்மா இருக்கிறாராம், இன்னும் தைக்கிறாராம். காது கொஞ்சம் மந்தம். மாடியில் ஒரு வாத்தியார் குடும்பம் குடியிருக்கிறது. இரண்டாம் நாள் போனில், "ஜன்னலுக்கு அவங்களே பச்சை அடிச்சிட்டாங்களாம்" என்றாள். "எப்போ?" என்றேன். "அந்தச் சனிக்கிழமையே. நான் எப்படியும் வருவேன்னு நினைச்சு மத்தியானம் வரைக்கும் பாத்தாங்களாம். அப்புறம் தனியா அடிச்சிருக்காங்க."

நாளை நான்காம் நாள். அவள் திரும்பி வரும் ரயில் சாயங்காலம் ஐந்தரைக்கு. ஸ்டேஷனில் போய் நிற்பதா, வீட்டில் இருப்பதா, அவள் அதில் வருவாளா என்பதெல்லாம் இந்தக் கதையில் இனி இல்லை. இத்தனை பக்கம் பொறுமையாக வந்த உங்களுக்கு வேண்டுமானால் ஏதாவது தோன்றலாம். எழுதிக்கொள்ளுங்கள், நான் குறுக்கே வர மாட்டேன். என்னிடம் மிச்சமிருப்பது சற்று முன் வந்த போன் மட்டும்தான்.

பின்னால் தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. "ஊர் எப்படி இருக்கு?" என்றேன்.

மிஷின் நின்றது. அவள்தான் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஊர் நல்லாத்தான் இருக்கு" என்றாள். "உங்களைப் பத்தித்தான் இன்னும் முடிவு பண்ணல."