புருஷனைத் தள்ளிய காய்ச்சல்

1983 புரட்டாதியில் குணலட்சுமியின் உடம்பு அவளுடைய புருஷனை வீட்டை விட்டு வெளியேற்றியது. அதற்குப் பத்து நாள் எடுத்தது.

சீவரத்தினம் என்ற அந்த மனிதன் அதற்கு முந்தின மாதம் அகதிகளோடு கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கியவன். கொழும்பில் தன் புடவைக்கடையை எரித்துவிட்டார்கள் என்றான். கூட வந்தவர்களுக்கு உண்மையாகவே எரிந்திருந்தது. இவனுக்கு எரிவதற்குக் கடையே இருக்கவில்லை. அடுத்தவன் துயரத்தைச் சட்டை மாதிரிப் போட்டுக்கொண்டு வந்தவனை மருதனார்மடத்து ஊர் தலையில் தூக்கி வைத்தது. தாய் தகப்பன் இல்லாத குணலட்சுமியைக் கட்டியும் வைத்தது. கலியாணம் முடிந்த மூன்றாம் நாள் அவனுடைய தம்பி வந்தான். ஐந்தாம் நாள் தம்பியின் கூட்டாளிகள் வந்தார்கள். ஏழாம் நாள் அவளுடைய இரண்டு அறை வீட்டில் பதினொரு ஆண்கள் அவள் அவித்த புட்டைத் தின்றுவிட்டு, சம்பலில் உப்புக் காணாது என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவளுக்குக் கழுத்திலும் கமக்கட்டிலும் தேசிக்காய் அளவில் நெறி கட்டியது. காய்ச்சலில் அவள் படுத்திருந்த பாய் ஓரம் கருகியது. பக்கத்து வீட்டு மார்கிரட் ரீச்சர், விஞ்ஞானம் படிப்பித்து இளைப்பாறியவர், கஞ்சி பருக்கிவிட்டு, இவள் தப்பமாட்டாள் என்று நினைத்தபடி திரும்பிப் போனார். பத்தாம் நாள் காலை பதினொரு பேரும் இருந்த இருப்பிலேயே தரையோடு வழுக்கி, கதவால் போய், படலையால் போய், வீதியில் நின்றார்கள். அவர்களை ஒருவரும் தொடவில்லை. படலையடியில் ஓர் ஓலைக் கடகம் அளவு சீழ் கிடந்தது. சண்டையில் செத்த உடம்பின் படை அது என்று சொல்லி, ரீச்சர் சாம்பல் போட்டு மூடினார். காய்ச்சல் அன்றே விட்டது.

ஊர் அவன் பக்கம் நின்று கதைத்தது. பெண்பிள்ளை பொறுத்துப் போயிருக்கலாம் என்றது. பொறுக்கச் சொன்ன ஒரு வீட்டிலும் அவனுக்கு ஒரு நேரச் சோறு போடவில்லை.

1987இல் சமாதான ஒப்பந்தம் வந்த கையோடு அவனும் திரும்பி வந்தான். தாடி வளர்த்திருந்தான், படலையில் நின்று அழுதான். அந்த அழுகையை இரண்டு தெருவுக்கு அப்பால் ஒருத்தியின் வீட்டில் ஏற்கெனவே அழுது பார்த்திருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. குணலட்சுமி மன்னித்தாள். கத்தரிக்காய்க் குழம்பு வைத்தாள். இரண்டாம் நாள் மத்தியானம், உடம்பு இலேசாகச் சுட்டதுதான் தெரியும், அவன் சாப்பாட்டுக் கோப்பையும் கையுமாக வீதியில் நின்றான். அவள் படலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நான் மன்னிச்சிட்டன் ரீச்சர். உடம்புதான் விடுகுதில்லை."

"சின்னமுத்துக் காய்ச்சல் வந்த பிள்ளைக்குத் திரும்ப வாறதில்லை, பிள்ளை," என்றார் ரீச்சர். "முதல் தரம் உடம்புக்கு ஆளைத் தெரியாது. படிச்சுப் படிச்சுத்தான் அடிக்கும். பிறகு ஒருநாளும் மறவாது."

அவள் அதற்குப் பிறகும் ஒரு மாதம் அழுதாள். உடம்பு அதைக் கணக்கில் எடுக்கவில்லை. 1990இல் தெல்லிப்பழையிலிருந்து இடம்பெயர்ந்த பதினேழு பேர் அதே வீட்டில் ஐந்து வருடம் இருந்தார்கள். அவளுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. ஆட்களின் தொகையில் அதற்குக் கோபம் இல்லை என்பது அப்போது எல்லோருக்கும் விளங்கியது.

1995 ஒக்டோபர் கடைசியில் ஆமி நெருங்க, வலிகாமத்துச் சனம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்தது. விடிந்த பிறகும் நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்டப் போக முடியவில்லை. ஒரு கால் வைத்தால் மற்றக் கால் வைக்க இடமில்லை. அந்த நெரிசலிலும் சீவரத்தினம் அவளைக் கண்டுபிடித்தான். உயிரோடு இருக்கிறாயா என்று கேட்கவில்லை.

"குணம், உந்தச் சைக்கிளிலை என்ரை பெட்டியையும் ஒருக்கா வையும்."

குணலட்சுமி ரீச்சர் பக்கம் திரும்பினாள். "உவர் இன்னும் இருக்கிறார் ரீச்சர்," என்றாள், செருப்பில் ஒட்டியதைச் சொல்வது போல.

அவளுக்குச் சுடவில்லை, வேர்க்கவில்லை. அவன் பெட்டியோடு பின்பக்கமாக வழுக்கிப் போனான். சனம் மாட்டுவண்டிக்கு விலகுவது போல விலகிக் கொடுத்தது. அவன் போன வழியில் நாலு பாய் விரிக்கும் அளவு வெறும் தார் தெரிந்தது. பிள்ளைத்தாச்சி ஒருத்தி அதில் வந்து இருந்தாள். யாரோ சாக்கை விரித்துப் பிள்ளைகளைக் கிடத்தினார்கள். ரீச்சர் காலை நீட்டினார்.

தாயைத் தோளில் சுமந்து வந்த ஒருவர், இடம் நிறைந்துவிட்டதைப் பார்த்துவிட்டுக் குணலட்சுமியிடம் மரியாதையாகக் கேட்டார்:

"தங்கச்சி, அந்த மனிசன் இன்னொருக்கா வருவாரோ? அம்மாவையும் கொஞ்சம் படுக்க வைக்கலாம்."